ஒரே ஆள், இரண்டு பெயர்: நகல் நீக்கப்போய் நொண்டிப்போன கணினி

'டூப்ளிகேட்' என்ற சொல்லோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒரே புகைப்படம் நான்கு ஃபோல்டர்களில் கிடக்கிறது, மூன்றைத் தூக்கிப் போடலாம். அங்கே அந்தச் சொல் சரி. அதே நகல்தேடி மென்பொருளை சி டிரைவ் முழுக்க ஓடவிட்டால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவற்றையும் புகைப்படக் கணக்கிலேயே சேர்த்து, இத்தனை ஆயிரம் நகல்கள், இத்தனை ஜிபி மிச்சமாகும் என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. அந்தப் பச்சையை நம்பிப் பொத்தானை அழுத்தியவர்கள் பிறகு கேட்பது ஒரே கேள்விதான்: "நகலைத்தானே அழித்தேன், ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறதே?"

கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்காகப் பதில் தேடினால், கணினியை மீட்கும் வழியும் அந்தப் பதிலுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. பதில் தெரியாமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பவர்கள், பாதி மீண்ட கணினியோடு பல நாள் மல்லுக்கட்டுகிறார்கள்.

நகல்தேடி வேலைசெய்யும் விதம் எளிது. முதலில் அளவு ஒத்துப்போகும் கோப்புகளைப் பொறுக்கும். பிறகு ஒவ்வொன்றின் உள்ளடக்கத்துக்கும் கைரேகை மாதிரி ஒரு ஹாஷ் எண் கணக்கிட்டு, எண் ஒன்றாக இருந்தால் ஒரே பொருள் என்று முத்திரை குத்தும். கோப்பு எங்கே இருக்கிறது, அங்கே ஏன் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. இயங்குதளமோ நேர்மாறாக, முகவரியை வைத்துத்தான் கோப்பைத் தேடுகிறது. சொன்ன இடத்தில் கோப்பு இல்லையென்றால், அச்சு அசலாக அதே கோப்பு பக்கத்து ஃபோல்டரில் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

நோட்பேடுக்கு எத்தனை வீடு

சரியாக ஓடும் ஒரு விண்டோஸ் கணினியில், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எஃப்எஸ்யூடில் என்ற கருவிக்கு 'ஹார்ட்லிங்க் லிஸ்ட்' என்ற கட்டளையைக் கொடுத்து, விண்டோஸின் முக்கியக் கோப்புகள் குடியிருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கும் நோட்பேட் கோப்பின் பாதையைச் சேர்த்து எண்டர் தட்டிப் பாருங்கள். இரண்டு வரிகள் வரும். ஒன்று நீங்கள் கொடுத்த அதே பாதை. இன்னொன்று வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டருக்குள், ஒரு முழ நீளப் பெயர்கொண்ட உள்ஃபோல்டரில் இருப்பது. அந்த நீளப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் பிராசஸர் வகை, பாகத்தின் பெயர், வெளியிட்டவரின் 16 இலக்கச் சாவிக்குறி, பதிப்பு எண், மொழி, கடைசியில் ஒரு ஹாஷ் என்று எல்லாம் இருக்கும்.

இரண்டு வரி வந்தாலும் வட்டில் இருப்பது ஒரு கோப்புதான். விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரே கோப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் வைக்கலாம். அதற்குத்தான் ஹார்ட்லிங்க் என்று பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவேட்டில் ஒன்று என்பது மாதிரி. ஆள் ஒருவர்தான். இதில் எது ஒரிஜினல், எது நகல் என்று கேட்பதற்கே இடமில்லை, இரண்டும் சம அந்தஸ்து உள்ள பெயர்கள். ஒரு பெயரை நீக்கினால் கோப்பின் உள்ளே இருக்கும் இணைப்பு எண்ணிக்கை ஒன்று குறையும், அவ்வளவே. கடைசிப் பெயரும் போன பிறகுதான் வட்டில் இடம் காலியாகும்.

ஆக, சிஸ்டம்32-க்கும் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸுக்கும் இடையே 'டூப்ளிகேட்' என்று காட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை அழித்ததால் மிச்சமானது பூஜ்யம் பைட். நல்ல நகல்தேடிகள் ஹார்ட்லிங்கை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும். சோம்பேறி மென்பொருள்கள் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணி, இல்லாத மிச்சத்தைக் காட்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரே வின்எஸ்எக்ஸ்எஸ்ஸின் அளவை இப்படித்தான் பெருக்கிக் காட்டுகிறது என்பதால், மென்பொருளை மட்டும் திட்டிப் பயனில்லை.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் எக்ஸ்பி காலத்திலேயே வந்துவிட்டது. 2007-இல் பொதுமக்களுக்கு வெளியான விஸ்டாவிலிருந்துதான் அது மொத்த இயங்குதளத்துக்கும் களஞ்சியமாக ஆனது. எக்ஸ்பியில் சிஸ்டம்32-க்குள் டிஎல்எல்கேஷ் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதில் இருந்தவை உண்மையான நகல்கள், அழித்தால் உண்மையாகவே இடம் கிடைத்தது. 'விண்டோஸ் தனக்குத்தானே நகல் வைத்துக்கொள்கிறது, அழித்தால் ஒன்றும் ஆகாது' என்ற பழைய அறிவுரை அந்தக் காலத்தின் மிச்சம். காலம் மாறியது, அறிவுரை மட்டும் இன்னும் ஊர்சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை உண்டு. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64-இல். பெயரே தலைகீழ். பழைய 32 பிட் நகல்தேடி ஒன்று சிஸ்டம்32-ஐத் திறக்கக் கேட்டால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதைச் சிஸ்வாவ்64-க்குத் திருப்பிவிடும். மென்பொருள் இரண்டு ஃபோல்டர்களையும் பார்த்ததாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் ஒரே ஃபோல்டரை இரண்டு வாசல் வழியாகப் பார்த்திருக்கும். உள்ளே இருக்கும் எல்லாமே 'நகல்' ஆகிவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறேன் என்று இருந்த ஒன்றையும் அழித்துவிடும். 64 பிட் நிரல்கள் எல்லாம் நன்றாக ஓடி, 32 பிட் நிரல்கள் மட்டும் கூண்டோடு படுத்துவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எந்தப் பெயர் போனது?

மீட்பு வேலை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

சிஸ்டம்32-இல் இருந்த பெயர் போய், வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் இருந்தது தங்கியிருந்தால் அதிர்ஷ்டம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். நிரல்கள் திறக்காது, டிஎல்எல் (நிரல்கள் ஓடத் தேவையான துணைக்கோப்பு) காணவில்லை என்று அடுக்கடுக்காகப் பெட்டிகள் வரும், தமிழ் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியலாம் (நிர்மலா எழுத்துருவுக்கும் களஞ்சியத்தில் ஒரு பெயர் உண்டு). ஆனால் களஞ்சியம் முழுதாக இருப்பதால், விண்டோஸோடு வரும் எஸ்எஃப்சி என்ற சரிபார்ப்புக் கருவி அங்கிருந்து எடுத்துப் பழைய இடத்தில் பெயரை மறுபடி பொருத்திவிடும்.

வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் இருந்த பெயர் போய், சிஸ்டம்32-இல் இருந்தது தங்கியிருந்தால் நிலைமை தலைகீழ். கணினி துளியும் முனகாது. எல்லாம் ஓடும். எஸ்எஃப்சியை ஓட்டினால் குறை எதுவும் இல்லை என்றுகூடச் சொல்லக்கூடும். அது பார்ப்பது வெளியே இருக்கும் கோப்பை, அந்தக் கோப்போ நன்றாக இருக்கிறது. இது ஊமைக்காயம். அடுத்த மாத அப்டேட் வரும்போது, பழைய பாகத்தின் மேல் புதியதை ஏற்றக் களஞ்சியத்தில் கைவைக்கும். அங்கே பாகம் இருக்காது. 0எக்ஸ்800எஃப்081எஃப் அல்லது 0எக்ஸ்80073712 என்ற பிழை எண்ணோடு அப்டேட் திரும்பிப் போகும். முதலாவது 'மூலம் காணவில்லை' என்று பொருள்படுவது, இரண்டாவது 'களஞ்சியம் கெட்டிருக்கிறது' என்பது. நகல் நீக்கி ஒரு மாதம் ஆகியிருக்கும் என்பதால் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

எது தங்கும் என்பதை மென்பொருளின் தானியங்கித் தேர்வு விதி முடிவுசெய்கிறது. 'புதியதை வைத்துக்கொள்' என்ற விதி இங்கே செல்லாது, ஒரே கோப்பின் இரண்டு பெயர்களுக்கும் தேதி ஒன்றுதான். எந்தப் பாதை முதலில் கண்ணில் பட்டதோ, எந்தப் பாதை குட்டையோ, அப்படி ஏதோ ஒரு கணக்கில் தீர்ப்பு போகும். நீக்கிய பட்டியலை மென்பொருள் சேமித்து வைத்திருந்தால் அதைத் திறந்து, பாதைகளில் வின்எஸ்எக்ஸ்எஸ் வருகிறதா என்று தேடுங்கள். அந்த ஒரு தேடல் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

பட்டியல் இல்லையென்றாலும் ஒரு துப்பு இருக்கிறது. இந்தக் கோப்புகளின் உரிமையாளர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற கணக்கு. நிர்வாகிக்கே படிக்கவும் ஓட்டவும்தான் உரிமை, அழிக்க இல்லை. சாதாரணமாக ஓட்டிய மென்பொருள் களஞ்சியத்தில் முட்டிக்கொண்டு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றே திரும்பியிருக்கும். யாராவது வலியப் போய் ஃபோல்டரின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தாலோ, வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, அல்லது லினக்ஸ் பென் டிரைவில் ஏற்றி அங்கிருந்து அழித்திருந்தாலோ மட்டுமே களஞ்சியம் அடிபட்டிருக்கும். 'அனுமதி கேட்டது, கொடுத்தேன்' என்று நினைவிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்

கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஎல்எல்லை விண்டோஸ் அழிக்க விடாது. அதனால் அழிந்தவை எல்லாம் அந்த நேரத்தில் பயன்பாட்டில் இல்லாதவை: கணினி கிளம்பும்போது சில நொடி மட்டும் தேவைப்படும் விண்லோட் போன்றவை, அச்சடிக்கும்போது தேவைப்படுபவை, அப்டேட்டுக்குத் தேவைப்படுபவை. இப்போது ஓடுகிறது என்பது நாளைக் காலையும் கிளம்பும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். உள்ளே இருந்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஒரே டிரைவுக்குள் ரீசைக்கிள் பின்னுக்குப் போனது வெறும் பெயர்மாற்றம்தான் என்பதால், ரீஸ்டோர் செய்தால் ஹார்ட்லிங்க் உட்பட எல்லாம் பழையபடி வந்து உட்காரும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்து ரீஸ்டோர் செய்யுங்கள். 'முக்கியமானது' என்று பொறுக்க வேண்டாம். நகல்தேடிக்கென்று தனிமைப்படுத்தும் ஃபோல்டர் இருந்தால் அங்கிருந்தும் இப்படியே.

பின்னிலும் இல்லையென்றால், டேட்டா ரெக்கவரி மென்பொருளைத் தேடி ஓடுவதில் அர்த்தமில்லை. ஹார்ட்லிங்க் விஷயத்தில் தரவு அழியவே இல்லை, பெயர்தான் போனது. இரண்டு பெயரும் போயிருந்தால், எஸ்எஸ்டியில் டிரிம் கட்டளை அந்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். எப்படியிருந்தாலும் இயங்குதளக் கோப்புக்கு மாற்று எங்கேயும் கிடைக்கும். உங்கள் ஆவணங்களுக்குத்தான் கிடைக்காது. அவற்றை முதலில் வெளி டிரைவுக்கு எடுத்துவிடுங்கள்.

அடுத்து, பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். பல மடிக்கணினிகளில் வாங்கியபோதே வட்டு பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. மீட்புத் திரைக்குள் போனதும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி ஓடும்போதே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் விண்டோஸ் நிறுவல் ஊடகம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். இதை வேறு கணினியில் செய்வதே நல்லது. சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளி ஏதாவது இருந்தால், கட்டளைகளுக்கு முன் அதை முயலலாம். பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கும் என்பதால் நம்பிக்கையை அதிகம் வளர்க்க வேண்டாம்.

களஞ்சியம் முதலில், வீடு பிறகு

இரண்டு கருவிகள். டிஸ்ம் களஞ்சியத்தைச் சரிசெய்யும். எஸ்எஃப்சி களஞ்சியத்திலிருந்து எடுத்து சிஸ்டம்32-ஐச் சரிசெய்யும். வரிசை மாறினால், ஓட்டையான களஞ்சியத்திலிருந்து எஸ்எஃப்சி வெறுங்கையோடு திரும்பி, 'சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை' என்று சொல்லிவிடும். பலர் அங்கேயே மனம் உடைந்து போகிறார்கள்.

நிர்வாகி கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்ம் கருவியை ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ஸ்கேன்ஹெல்த் என்ற சேர்க்கைகளோடு ஓட்டுங்கள். களஞ்சியம் கெட்டிருக்கிறதா, சரிசெய்யக்கூடியதா என்று சொல்லும். சரிசெய்யக்கூடியது என்றால், கடைசிச் சேர்க்கையை ரீஸ்டோர்ஹெல்த் என்று மாற்றி மறுபடி. சதவீதம் ஓரிடத்தில் நீண்ட நேரம் நின்றே கிடக்கும், மூடிவிடாதீர்கள். முடிந்ததும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். அது சரிசெய்தேன் என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை குறை இல்லை என்று வந்தால்தான் கணக்கு.

டிஸ்ம் தனக்கு வேண்டிய கோப்புகளை வழக்கமாக விண்டோஸ் அப்டேட் சேவையிலிருந்து இறக்கும். அப்டேட் பாகங்களே அடிபட்டிருந்தால் அதே 0எக்ஸ்800எஃப்081எஃப் பிழையோடு நிற்கும். அப்போது மூலத்தை நாம் காட்ட வேண்டும். நிறுவல் ஊடகத்தின் சோர்சஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டால் என்ற பெயரில் விம் அல்லது இஎஸ்டி வகைக் கோப்பு ஒன்று இருக்கும். அதற்குள் ஹோம், புரோ என்று பல பதிப்புகள் எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். டிஸ்மின் கெட்-விம்இன்ஃபோ கட்டளை அந்த எண்களைக் காட்டும். உங்கள் பதிப்புக்குரிய எண்ணை எடுத்து, சோர்ஸ் சேர்க்கையில் கோப்பின் பாதையும் எண்ணும் கொடுத்து, லிமிட்அக்சஸ் என்பதையும் சேர்த்தால் இணையத்தை நாடாமல் அங்கிருந்தே எடுக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஊடகத்தில் இருப்பது அது வெளியான மாதத்துப் பதிப்பு. உங்கள் கணினி அதன்பின் எத்தனையோ மாத அப்டேட்களை வாங்கியிருக்கும். காணாமல்போன பாகம் பிந்தைய அப்டேட்டில் வந்தது என்றால், ஊடகத்தில் அந்தப் பாகம் இருக்கவே இருக்காது. சோர்ஸ் காட்டியும் அதே பிழை வருவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று ஐம்பது முறை திருப்பிப் பார்க்க வேண்டாம். அதே பில்ட் எண்ணில் (பதிப்பின் நுண்ணிய எண்) ஓடும் இன்னொரு கணினியின் விண்டோஸ் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக மூலமாகக் காட்டலாம். அதுவும் கைவசம் இல்லையென்றால் கீழே வரும் மறுநிறுவலுக்குப் போய்விடுவது மேல்.

என்ன காணாமல் போயிருக்கிறது என்று பெயரோடு தெரிய வேண்டுமானால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் சிபிஎஸ் லாக் கோப்பைப் பாருங்கள். எஸ்எஃப்சி எழுதும் வரிகளில் சதுர அடைப்புக்குள் எஸ்ஆர் என்ற குறி இருக்கும். அதை வைத்து வடிகட்டினால் ஆயிரக்கணக்கான வரிகள் சில டஜன் ஆகிவிடும்.

கிளம்பவே மறுக்கும் கணினி

கிளம்பும் வேளையில் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடங்கினால் விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலுக்குள் போகும். இல்லையென்றால் பென் டிரைவிலிருந்து ஏற்றி 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கமாண்ட் பிராம்ப்ட் திறந்ததும் எக்ஸ் டிரைவில் நிற்பீர்கள். அது நினைவகத்தில் ஓடும் தற்காலிக விண்டோஸ், உங்களுடையது இல்லை. இங்கே வெறும் ஸ்கேன்நவ் மட்டும் அடித்தால், அது உங்கள் விண்டோஸைத் தொடாது. டிரைவ் எழுத்துகளும் மாறியிருக்கும். உங்கள் சி இங்கே டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கலாம். டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வால்யூம் அடித்து, அளவை வைத்துக் கண்டுபிடித்து, அந்த டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று டிர் அடித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு டிஸ்மில் ஆன்லைன் என்பதற்குப் பதிலாக இமேஜ் என்று போட்டு அந்த டிரைவைக் காட்ட வேண்டும். மூலமும் காட்டியே ஆக வேண்டும். ஸ்கிராட்ச்டிர் என்ற சேர்க்கையில் உங்கள் வட்டில் ஒரு காலி ஃபோல்டரைக் கொடுங்கள். எக்ஸ் டிரைவில் இடம் கொஞ்சம்தான், கொடுக்காவிட்டால் பாதியில் இடமில்லை என்று நின்றுவிடும். எஸ்எஃப்சிக்கு ஆஃப்பூட்டிர், ஆஃப்வின்டிர் என்ற இரண்டு சேர்க்கைகளிலும் அந்த டிரைவைச் சொல்ல வேண்டும். 'நிலுவையில் ஒரு பழுதுநீக்கம் இருக்கிறது' என்று அடம்பிடித்தால், டிஸ்மில் ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ் ஓட்டிவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

திரையில் வரும் பிழை எதைச் சொல்கிறது என்பதும் உதவும். விண்லோட் காணவில்லை என்று வந்தால், சிஸ்டம்32-க்குள் இருக்கும் பூட் என்ற உள்ஃபோல்டரிலும் ஒரு விண்லோட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கிருந்து சிஸ்டம்32-க்கு காப்பி செய்வது போதும். நகல் என்று நாம் ஏளனம் செய்தது கைகொடுக்கும் இடம் இது. 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வந்தால் வட்டை இயக்கும் டிரைவர் போயிருக்கலாம். டிரைவர்கள் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் ஒன்றும், டிரைவர்ஸ்டோரில் ஒன்றுமாக இருப்பவை. நகல்தேடிக்கு இனிப்பான இரை. டிரைவர்ஸ்டோரில் இருப்பதைத் தேடி எடுத்து இடத்தில் வைக்கலாம். வட்டே இல்லை என்கிற மாதிரி வந்தால், கணினி கிளம்பத் தேவையான கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பகுதி அடிபட்டிருக்கலாம். வழக்கமாக அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது என்பதால் விண்டோஸில் ஓட்டிய நகல்தேடிக்குத் தெரியாது. லினக்ஸிலிருந்து ஓட்டினால் தெரியும். அந்தச் சின்னப் பகுதிக்குள் விண்டோஸின் பூட் மேனேஜர் இரண்டு ஃபோல்டர்களில் இரண்டு பெயரில் இருக்கும். டிஸ்க்பார்ட்டில் அந்தப் பகுதிக்கு ஓர் எழுத்து கொடுத்து, பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் ஃபோல்டரையும் அந்த எழுத்தையும் காட்டினால் புதிதாக எழுதிவிடும்.

உள்ளே நுழைந்து வெறும் கறுப்புத்திரையும் மவுஸ் அம்பும் மட்டும் தெரிந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அங்கிருந்து கமாண்ட் பிராம்ப்ட்டை ஓட்டி, முந்தைய பகுதியில் சொன்னதைச் செய்யலாம்.

எப்போது விட்டுவிடுவது

என் கட்சி இதுதான்: டிஸ்மும் எஸ்எஃப்சியும் இரண்டு சுற்றில் சரிசெய்யாவிட்டால் மூன்றாம் சுற்று வேண்டாம். ஒவ்வொரு டிஎல்எல்லாகத் தேடி, பெயர் தெரியாத டிஎல்எல் தளங்களிலிருந்து இறக்கிப் போடுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. மூக்குக்குப் பதில் வைரஸைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. ஃபோல்டரின் உரிமைகளை மொத்தமாக ரீசெட் செய்யச் சொல்லும் குறிப்புகளையும் நம்பாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. மொத்தமாகத் தட்டையாக்கினால் பழைய குறை போகாது, புதியது சேரும்.

கணினி உள்ளே நுழைகிறது என்றால், ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்தே விண்டோஸ் நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்து செட்டப்பை ஓட்டுங்கள். 'கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள்' என்ற தேர்வு கிடைக்கும். மொழியும் பதிப்பும் ஒத்திருக்க வேண்டும், ஐஎஸ்ஓவின் பில்ட் உங்களுடையதற்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், 20 ஜிபி அளவுக்கு இடம் இருந்தால் நல்லது. அந்தத் தேர்வு சாம்பல் நிறத்தில் இருந்தால் இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறியிருக்கிறது. அப்படியே தொடராமல் வெளியே வந்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து ஏற்றி நிறுவினால் இந்தத் தேர்வு கிடைக்காது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸின் ரெக்கவரி பக்கத்திலேயே, அப்டேட் வழியாக மறுநிறுவல் செய்யும் பொத்தான் இருக்கிறது. இதில் களஞ்சியம் முழுதாகப் புதிதாக எழுதப்படும் என்பதால் ஊமைக்காயமும் ஆறிவிடும்.

உள்ளே நுழையவே முடியாது என்றால் 'ரீசெட் திஸ் பிசி', கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வோடு. நிரல்கள் போகும், ஆவணங்கள் இருக்கும். இதில் 'லோக்கல்', 'கிளவுட்' என்று இரண்டு வழி கேட்கும். லோக்கல் வழி புதிய விண்டோஸைக் கட்டுவது வட்டில் இருக்கும் கோப்புகளை வைத்துத்தான். அடிமடியே ஓட்டையாக இருக்கும்போது அங்கிருந்து என்னத்தை எடுக்கும்? பாதியில் தோற்று, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்று திரும்பும். சில ஜிபி இறங்கினாலும் கிளவுட் வழியையே தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் மீட்காத மீதி

இயங்குதளம் எழுந்து நின்ற பிறகும் சில நிரல்கள் படுத்தே கிடக்கும். டிஸ்முக்கும் எஸ்எஃப்சிக்கும் மைக்ரோசாஃப்ட் கொடுத்த கோப்புகள் மட்டுமே பொறுப்பு. விசிரன்டைம்140 போன்ற டிஎல்எல்கள் பத்து நிரல்களின் ஃபோல்டர்களில் பத்து முறை இருக்கும், ஏனென்றால் ஒரு நிரல் தன் டிஎல்எல்லை முதலில் தன் வீட்டிலேயே தேடும். ஒன்பதை அழித்தால் ஒன்பது நிரல் படுக்கும். விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை 32, 64 பிட் இரண்டும் நிறுவினால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்; மற்றவற்றை அதனதன் நிறுவியால் மேலேயே மறுபடி நிறுவ வேண்டும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று மறைந்திருக்கும் ஃபோல்டர் தனிக்கதை. எண்ணும் எழுத்துமாகக் கலந்த பெயர்களில் எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்புகள் கிடக்கும். புரோகிராம்டேட்டாவுக்குள் பேக்கேஜ் கேஷ் அதன் தம்பி. இவற்றை அழித்தால் நிரல்கள் ஓடும். அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போதுதான் எம்எஸ்ஐ எங்கே என்று கேட்டு வழிமறிக்கும். அதே நிரலின் அதே பதிப்பு நிறுவியை இறக்கிக் காட்டினால் வழிவிடும். வேறு பதிப்பைக் காட்டினால் மசியாது.

இன்னும் நுணுக்கமான ஒன்று பூஜ்யம் பைட் கோப்புகள். பைதான் தொகுப்புகளில் இனிட் என்ற பெயரில் வெற்றுக்கோப்புகள் ஏராளம். காலியான கோப்புக்கும் ஹாஷ் உண்டு. உலகத்தில் உள்ள எல்லாக் காலிக் கோப்புக்கும் அது ஒன்றேதான். நகல்தேடி ஒன்றை விட்டுவைத்து மற்ற அத்தனையையும் கூட்டித் தள்ளும். மிச்சமான இடம் பூஜ்யம், இழந்தது பல நூலகங்களின் இம்போர்ட் ஒழுங்கு. பைதான் சூழலை அழித்துப் புதிதாக உருவாக்குவதைத் தவிர வேறு குறுக்குவழியைத் தேடாதீர்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு வேலை சுலபம். எந்தக் கோப்பு எந்தப் பொதிக்கு (பேக்கேஜ்) சொந்தம் என்று பொதி மேலாளருக்குத் தெரியும்: டெபியன் வழியில் டிபிகேஜியின் வெரிஃபை, ரெட்ஹேட் வழியில் ஆர்பிஎம்மின் வெரிஃபை ஓட்டிக் காணாமல்போனவற்றின் பொதிகளை ரீஇன்ஸ்டால் செய்தால் போதும். சி நூலகமோ பொதி மேலாளரோ போயிருந்தால் மட்டும் லைவ் யூஎஸ்பியிலிருந்து ஏற்றி, சிஎச்ரூட் வழியாக, அதாவது வட்டில் இருக்கும் லினக்ஸுக்குள் நுழைந்து, செய்ய வேண்டியிருக்கும். மேக்கில் 2015-இன் எல் கேபிடனிலிருந்து சிஸ்டம் ஃபோல்டர்களுக்குக் காவல், 2020-இன் பிக் சர்ரிலிருந்து முழு சிஸ்டம் பகுதிக்கும் முத்திரை. அங்கே இந்தக் கூத்து நடக்க வழியில்லை.

இடம் வேண்டுமென்பது உண்மையான தேவைதான். டிஸ்மின் அனலைஸ்காம்போனன்ட்ஸ்டோர் கட்டளை களஞ்சியத்தின் அளவை எக்ஸ்ப்ளோரர் காட்டும் கணக்கு, உண்மைக் கணக்கு, விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் கணக்கு என்று பிரித்துக் காட்டி, துப்புரவு தேவையா என்றும் சொல்லும். தேவை என்றால் ஸ்டார்ட்காம்போனன்ட்கிளீனப். ரீசெட்பேஸ் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அதுவரை ஏறிய அப்டேட்களை இனி நீக்க முடியாது. ஹைபர்னேட் பயன்படுத்தாதவர்கள் பவர்சிஎஃப்ஜி வழியாக அதை அணைத்தால் பல ஜிபி ஒரே அடியில் காலியாகும். நகல்தேடியை உங்கள் சொந்த ஃபோல்டர்களுக்குள் மட்டும், பூஜ்யம் பைட் கோப்புகளையும் ஹார்ட்லிங்குகளையும் ஒதுக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

எல்லாம் முடிந்து கணினி எழுந்து நின்றதும், முதலில் அடித்த அந்த எஃப்எஸ்யூடில் கட்டளையை நோட்பேடுக்கும், காணாமல்போனதாக லாக் சொன்ன வேறு நாலைந்து கோப்புகளுக்கும் அடித்துப் பாருங்கள். ஒரு வரிதான் வருகிறதென்றால் வேலை இன்னும் பாக்கி. இரண்டு வரி வந்தால் அடுத்த மாத அப்டேட்டுக்குக் காத்திருக்கலாம்.